மச்சான் பிடித்த கயிறு

கதீஃப்
20-12-2002

அன்புள்ள ஷாஜினிக்கு,

ஞானசிங் எழுதுவது. நான் உயிரோடும் சளியோடும் இருக்கிறேன். நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். கடிதத்தின் தலையில் வழக்கமாகப் போடும் சிலுவையைக் காணவில்லையே என்று பயந்துவிடாதே. இங்கே தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கேம்பில் சொல்கிறார்கள். பார்க்கிறார்களோ இல்லையோ, நாம் ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும். லீவில் ஊருக்கு வரும் வேம்பாறுக்காரர் ஒருவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உறை ஒட்டிய இடத்தில் குறுக்காக என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். அது உடைந்திருந்தால் எனக்குத் தெரிவி.

போனில் பேசலாம்தான். ஆனால் எதிர்வீட்டு போனுக்கு அடித்து நீ ஓடிவந்து எடுத்தால், அந்த வீட்டுக்காரி கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நான் கேட்க வேண்டிய விஷயம் அவள் காதில் விழக் கூடாது. அதனால் பொறுமையாகக் கடைசி வரை படி.

நோன்பு நாளிலேயே போனில் சொன்னேனே, கிணற்று வேலைக்குப் போகப் போகிறோம், ஜெகின்தான் கயிறு பிடிப்பான் என்று. இப்போது நாங்கள் தம்மாம் கேம்பில் இல்லை. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு என்னையும் உன் தம்பி ஜெகினையும் கதீஃபுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டியில் அரை மணி நேரம்தான், ஆனால் வேறு நாட்டுக்கு வந்தது போல இருக்கிறது. தம்மாமில் சிமெண்டும் புழுதியும் தவிர ஒன்றையும் கண்டதில்லை. இங்கே ஒரு பக்கம் கடல், கடலை ஒட்டியே பேரீச்சந்தோப்பு. பழைய வீடுகள் எல்லாம் கடல்கல்லை வெட்டிக் கட்டியவை, நம் கரையில் பழைய பண்டகசாலைகளைக் கட்டிய அதே வெள்ளைக் கல். எதிரே தாரூத் என்று ஒரு தீவு. அதில் ஒரு கோட்டை இருக்கிறது, போர்ச்சுகீசியர் இருந்த கோட்டையாம். நம் கரைக்கு வந்து நம் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், இங்கே வந்து பீரங்கியை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த ஊர் ஐயாயிரம் வருஷத்துப் பழையது என்கிறார்கள். எல்லாம் ஊற்றுத் தண்ணீரால் வந்த வாழ்வு. பூமிக்குள்ளிருந்து தானாகப் பொங்கி வருமாம், கடலுக்கு அடியில்கூட நல்ல தண்ணீர் ஊற்று உண்டாம். முத்துக் குளிக்கப் போனவர்கள் தோல்பையோடு மூழ்கி, உப்புக் கடலின் அடியிலிருந்து குடிதண்ணீர் பிடித்து வந்திருக்கிறார்கள். பிற்பாடு ஆழ்துளைக் கிணறு போட்டுப் போட்டு ஊற்றுகள் படுத்துவிட்டன. எங்கள் வேலை நடக்கும் தோப்பின் முதலாளி அபு அலி, தன் பாட்டன் காலத்து ஊற்றுக்கிணறு ஒன்றைத் திரும்பத் திறக்க ஆசைப்படுகிறார். இருபத்தைந்து அடிக்குக் கல் கட்டிய கிணறு. கீழே பத்தடித் தண்ணீர், இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு பாறைப் பிதுக்கம். அதற்குள்ளேதான் ஊற்றுக்கண் அடைத்துக் கிடக்கிறது. மோட்டார் போக முடியாத இடம், ஆள்தான் போக வேண்டும். திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவன் என்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொன்னது காண்டிராக்டர் காதுக்குப் போய்விட்டது. நுணலும் தன் வாயால் கெடும்.

காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். இடுப்பில் கயிறு. பாறைக்கு அடியில் தலையை நுழைத்துக் கூடையில் மண்ணை வாருகிறேன். உள்ளே திரும்ப இடம் கிடையாது, நீந்தியும் வெளியே வர முடியாது. மூச்சு முட்டும்போது கயிற்றை மூன்று முறை சுண்டுவேன். மேலே இருப்பவன் உடனே இழுத்தால்தான் நான் ஆள்.

அந்த மேலே இருப்பவன் ஜெகின். நம் கரையின் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. முத்துக் குளித்த காலத்திலிருந்தே, குளிப்பவனுக்குப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவனை நிறுத்த மாட்டார்கள், குளிப்பவன் செத்தால் அவனுக்குச் சொத்தில் பங்கு கூடும். மச்சான் கை தளர்ந்தால் தாலி அறுப்பது அவன் அக்காள். அந்தப் பயம் அவன் கையில் இருக்கும். அதை நம்பித்தான் ஜெகினுக்கு விசா எடுத்துக் கூட்டி வந்தேன். கமால் என்ற பெங்காலியைக் கயிறு பிடிக்க வைக்கலாம் என்று காண்டிராக்டர் சொன்னபோது, என் மச்சான் பிடித்தால்தான் இறங்குவேன் என்று ஒரே பிடியாக நின்றவனும் நான்தான்.

இனிதான் விஷயம். முதல் வாரம் நான் சுண்டியதும் மனதுக்குள் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குள் கயிறு இறுகிவிடும். பதினைந்தாம் தேதி உன் கடிதங்கள் வந்தன. எனக்கு ஒரு பக்கம், அவனுக்கு நாலு பக்கம். பதினாறாம் தேதி ஐந்து எண்ணினேன். பதினெட்டாம் தேதி ஏழு. நேற்று ஒன்பது. முன்பெல்லாம் கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பான். மேலே நிமிர்ந்தால் அவன் முகம்தான் முதலில் தெரியும். இப்போது முகத்தைக் காணோம். கிணற்றை ஒட்டி ஒரு மண்சுவர் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு இழுக்கிறான். கப்பி வைத்திருக்கிறது, அங்கிருந்தும் இழுக்கலாம்தான். ஆனால் ஏன் போனான்? கேட்டால் வெயில் என்கிறான். மார்கழியில் என்ன வெயில்?

சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்காருவதில்லை. குபூஸ் ரொட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போய்விடுகிறான். அத்தான் அத்தான் என்று காலைச் சுற்றியவன், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான்.

உன் கைவலி எப்படி இருக்கிறது? மாவுக்கட்டு பிரித்த இடத்தில் குளிருக்கு வலிக்கும், எண்ணெய் காய்ச்சித் தடவு. அடிபம்பில் வழுக்கி விழுந்தாய் என்றுதானே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். உன் தம்பிக்கும் அப்படித்தானே சொன்னாய்? அந்த நாலு பக்கத்தில் வேறு விதமாக ஏதும் எழுதினாயா? உள்ளதை உள்ளபடி உடனே எழுது. நான் தினமும் இறங்குகிறேன் என்பதை மறக்காதே.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும். அந்த வார்த்தையை மட்டும் சின்னதாக எழுதியிருக்கிறேன்.

உன் கணவன்,
ஞானசிங்


கதீஃப்
10-1-2003

அன்புள்ள ஷாஜினிக்கு,

உன் பதில் வந்தது. மொத்தம் ஆறு வரி. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது ஒரு வரி, பொங்கல் லீவு ஒரு வரி. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, நீங்கள் வேலையைப் பாருங்கள் என்று ஒரு வரி. அந்த வரியை மட்டும் அழுத்தி எழுதியிருக்கிறாய், பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரிகிறது. சொல்லாதவள் ஏன் இவ்வளவு அழுத்த வேண்டும் என்று முதலில் நினைத்தேன். எங்கள் அப்பன் குதிருக்குள் இல்லை என்பது போல இருந்தது.

ஈராக்கில் சண்டை வரப்போகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். நீ பயப்படாதே, இங்கிருந்து அது தூரம். ரோட்டில் சோதனைச் சாவடி அதிகமாகிவிட்டது. எங்கள் வண்டியை ஓட்டும் காயல்பட்டினத்து செய்கு முகம்மதுவே இக்காமா என்ற அனுமதி அட்டையைச் சாவடி வருமுன்பே எடுத்துக் கையில் பிடித்துக்கொள்கிறார். இந்த ஊர்க்காரர்களையே இந்த நாட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்களாம், தொழுகையில் பிரிவு வேறாம். அவர்களைப் போலீஸ் பார்க்கிறது, அவர்கள் எங்களைப் பார்க்கிறார்கள், நான் ஜெகினைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கும் டூட்டி இருந்தது. சாயங்காலம் அறைக்குள் ஜன்னலைச் சாத்திவிட்டு ஐந்து பேர் சத்தமில்லாமல் ஜெபமாலை சொன்னோம். ஜெகினும் இருந்தான். முடிந்ததும் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லி எல்லோர் கையையும் பிடித்தான். என் முறை வந்தபோது செருப்பைத் தேடக் குனிந்துவிட்டான்.

கிணற்றில் ஒரு கிழவர் எங்களுக்குக் காவல். முதலாளியின் சித்தப்பா ஹாஜி மன்சூர், எண்பது வயதிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பார். மண்ணோடு பானை ஓடு, பாசிமணி என்று ஏதாவது வந்தால் மியூசியத்துக்காரர் தம்மாமிலிருந்து வந்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். போன வாரம் ஒரு சிவப்புக் கல்மணி கிடைத்தது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் இந்தியாவிலிருந்து வந்த கல்லாம். அது வந்ததிலிருந்து நான் மேலே ஏறியதும் ஹாஜி என் வாயைத் திறக்கச் சொல்கிறார். நாக்கைத் தூக்கு, கன்னத்தை உப்பு என்கிறார். இவர் சின்ன வயதில் முத்துக் கப்பலில் கயிறு பிடித்தவராம். குளிப்பவர்கள் முத்தை வாய்க்குள் ஒதுக்கிக்கொள்வார்கள், அந்தப் புத்தி எல்லாக் கரைக்காரனுக்கும் உண்டு என்று செய்கு முகம்மதுவிடம் சொன்னாராம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. செய்யாத குற்றத்துக்கு ஒருவன் முன்னால் வாயைத் திறந்து நிற்பது எவ்வளவு கேவலம் என்று நீ அனுபவித்தால்தான் தெரியும்.

எழுதி முடித்த பிறகுதான் அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். நீ பூசையிலிருந்து பத்து நிமிஷம் பிந்தி வந்தால் நான் வாசலில் நின்று கேட்ட கேள்விகள் உனக்கு மறந்திருக்காது.

திங்கட்கிழமை பதினான்கு எண்ணினேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது, மூக்கில் தண்ணீர் ஏறியது. மேலே வந்து கரையில் குப்புற விழுந்து கிடந்தேன். கமால்தான் முதுகைத் தட்டினான். ஜெகின் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவே இல்லை. அன்று மத்தியானம் அவன் குளிக்கப் போன நேரத்தில் அவன் பெட்டியைத் திறந்து உன் கடிதத்தை எடுத்தேன். திருட்டுத்தான். நான் அதை மறைக்கப் போவதில்லை.

ஷாஜினி, நான் தேடியது அதில் இல்லை. கை என்ற சொல்லே இல்லை. நீ சொன்னது உண்மை, நீ அவனிடம் எதையும் சொல்லவில்லை. கோழி ஆறு குஞ்சு பொரித்ததும், கூரையில் ஓடு மாற்றியதும், பாப்பா கணக்கில் முதலாவதாக வந்ததும் எழுதியிருக்கிறாய். நடுவில், அத்தான் போனதிலிருந்து பாப்பா வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் சாப்பிடுகிறாள் என்று ஒரு வரி. நேற்று வாய்விட்டுச் சிரித்தேன், என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது என்று அடுத்த வரி. நாலு பக்கத்தில் நான் வரும் இடம் அது ஒன்றுதான்.

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தோடு படித்தேன். இரண்டாம் தடவை, யாரோடு சிரித்தாய் என்று தேடினேன். என் புத்தி அப்படி. மூன்றாம் தடவை ஒரே ஒரு வரியைத் தேடினேன். தம்பி, அத்தானுக்குக் கயிற்றைப் பத்திரமாகப் பிடி என்ற வரி. பின்பக்கம், ஓரம், உறைக்குள் எல்லாம் பார்த்தேன். இல்லை. நான் கிணற்றில் இறங்குவது போனில் சொன்னதிலிருந்தே உனக்குத் தெரியும், அவன்தான் பிடிக்கிறான் என்பதும் தெரியும். கோழிக்குஞ்சுக்கு இடம் இருந்த கடிதத்தில் இதற்கு இடம் இல்லாமல் போனது மறதியா, இல்லை வேண்டாம் என்றே விட்டாயா?

இதை எழுதும்போது எனக்குக் கோபம் இல்லை. பயமாக இருக்கிறது. மச்சான் கயிறு பிடிப்பது அக்காளின் தாலிக்காக. அக்காளுக்கே அந்தத் தாலி பாரமாக இருந்தால் அவன் கையில் என்ன இருக்கிறது? இதை நான் விசா எடுக்கும்போது யோசிக்கவில்லை. வழக்கத்தை நம்பினேனே தவிர, உங்கள் இரண்டு பேரையும் நினைத்துப் பார்க்கவில்லை.

வேலையை விட்டுவிடலாமே என்று நீ நினைப்பாய். கயிற்றை கமாலிடம் மாற்றச் சொல்லலாம்தான். சொன்னால் காரணம் கேட்பார்கள். என் மச்சான் என்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று சொன்னால் அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். சொல்லாமல் இறங்கினால் என் உயிர். இன்னும் மூன்றடி மண்தான் பாக்கி.

அவனுக்கு ஒரு வரி எழுது. பத்திரமாகப் பிடி என்று மட்டும். உனக்கு மனம் வராவிட்டாலும் எழுது. இந்தக் கடிதம் உன் கையில் சேர்ந்து, உன் வரி அவன் கைக்கு வருவதற்குள் இருபது நாள் ஆகும் என்று எனக்கும் தெரியும்.

ஞானசிங்


கதீஃப்
24-1-2003

அன்புள்ள ஷாஜினிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன கடிதம் இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். அதில் கேட்ட வரியை நீ ஜெகினுக்கு எழுத வேண்டாம். எழுதிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, அவனுக்கு அது தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊற்று திறந்துவிட்டது. பாறைக்கு அடியில் கடைசியாக ஒரு கல் இருந்தது, தேங்காய் அளவுதான். அதைக் கடப்பாரையால் நெம்பியதும் வெதுவெதுப்பான தண்ணீர் முகத்தில் அடித்தது. நல்ல குளிர் காலம், அந்தச் சூடு சுகமாகக்கூட இருந்தது. ஆனால் மேலே இருந்த மண் சரிந்து தோள்வரை அமுக்கிவிட்டது. மூன்று முறை சுண்டினேன். எண்ண ஆரம்பித்தேன். பத்து வந்தது, பதினைந்து வந்தது. நான் மாதாவைக் கூப்பிடவில்லை, உன்னைத்தான் நினைத்தேன். நீ வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அதைக் கேட்டதாகவே எனக்கு ஞாபகம் வரவில்லை. பதினேழில் கயிறு இறுகியது. அன்றைக்கு இழுத்ததைப் போல அவன் ஒருநாளும் இழுத்ததில்லை. மண்ணோடு பிய்த்துக்கொண்டு வந்தேன், தோள் தோல் உரிந்துவிட்டது.

மேலே ஒரே கூச்சல். அபு அலி அழுதார். தண்ணீர் ஏறுவதைப் பார்க்கப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். இருபது வருஷமாகச் செத்துக் கிடந்த ஊற்றாம். ஹாஜி மன்சூர் அன்றைக்கு என் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. செய்கு முகம்மதுவைக் கூப்பிட்டு என்னிடம் ஏதோ சொல்லச் சொன்னார். செய்கு முகம்மது எனக்குச் சொன்னது இது. ஹாஜி பத்து வருஷம் முத்துக் கப்பலில் இருந்தவராம், எத்தனையோ பேர் கயிறு பிடிப்பதைப் பார்த்தவராம். ஆனால் என் மச்சான் பிடிப்பது போல ஒருவனும் பிடித்துப் பார்த்ததில்லையாம். கயிற்றின் மறுமுனையை அவன் கையில் வைத்துக்கொள்வதில்லை, தன் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டுக்கொள்கிறானாம். நான் உள்ளே போய்விட்டால் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் போவேனாம். இப்படி மடத்தனமாக யாரும் பிடிக்கக் கூடாது, அவனிடம் சொல்லி வை என்றாராம்.

நான் சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். இறக்கமான ஒரு பாதை அங்கே இருக்கிறது. பழைய காலத்தில் கழுதை கட்டித் தண்ணீர் இறைத்த வழி, நம் ஊர்க் கமலைத் தடம் மாதிரி. ஜெகின் அதன் கடைசியில் ஒரு பேரீச்சை மரத்தடியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பனியனைத் தூக்கியிருந்தான். இடுப்பைச் சுற்றிலும் தோல் கன்றிப் புண்ணாக இருந்தது, சில இடத்தில் காய்ந்த பழைய புண். கையால் இழுக்காமல், அந்த இறக்கத்தில் உடம்பால் நடந்து நடந்து இழுத்திருக்கிறான். அதனால்தான் அந்தத் தாமதம். முதலில் தொய்வை நடந்து எடுக்க வேண்டும், பிறகுதான் பாரம் வரும். நான் நாளுக்கு நாள் பாறைக்கு அடியில் உள்ளே போகப் போக, தொய்வும் கூடி, எண்ணிக்கையும் கூடியது. நான் என்னென்னவோ நினைத்தேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். முடிச்சை அவிழ்த்து முடித்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். 'மேல நின்னு ஒங்க மொகத்தப் பாத்தா கை விட்டுருவனோன்னு பயமா இருந்துச்சு அத்தான். இடுப்புன்னா விடாதுல்லா' என்றான்.

ஆக, நான் சந்தேகப்பட்டது பொய்யில்லை. அவன் கைக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது. வந்ததால்தான் அவன் கையை நம்பாமல் தன்னையே கட்டிப்போட்டிருக்கிறான். இதைக் கேட்டு நான் நின்ற நிலை உனக்குச் சொல்லி முடியாது.

அக்காள் எதுவும் எழுதினாளா என்று கேட்டேன். உன் மேல் ஆணையாக நீ ஒன்றும் சொல்லவில்லை என்றான். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது அவன்தானே உன் பக்கத்தில் நின்றான். 'பம்புல விழுந்தா அஞ்சு வெரல் தடமா விழும்?' என்று கேட்டான். இவ்வளவும் தெரிந்து பின் ஏன் என்னோடு வந்தாய் என்றேன். அதற்கு அவன் சொன்னது இதுதான்: 'நீங்க உசுரோட இருக்கணும், ஆனா வீட்டுல இருக்கக் கூடாது. ரெண்டையும் பாத்துக்க என்ன விட்டா யாரு இருக்கா?' உன் கடிதம் வந்த பிறகு ஏன் மாறினாய் என்றும் கேட்டேன். நீ சிரித்தாய் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் தாங்க முடியவில்லை என்றான். எனக்கும் அதே வரிதான். ஆனால் நான் அதைப் படித்தபோது யாரோடு என்று தேடினேன்.

அவன் எழுந்து கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சரிந்த மண்ணை வார நாளைக்கு எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்று கேட்டான். மற்ற நாளில் கேட்பது போலவே கேட்டான்.

ஷாஜினி, நீ பத்து நிமிஷம் பிந்தியதற்கும், கண்டக்டர் சில்லறையை உன் கையில் கொடுத்ததற்கும், கிணற்றடியில் யாரோ உன் பெயரைச் சொன்னதற்கும் நான் உன்னைக் கேள்வி கேட்டேன். ஒருநாள் உன் கையை முறுக்கினேன். நீ அடிபம்பு என்று சொன்னாய், நானும் ஆமாம் என்றேன். இதுவரை அதை நான் என் வாயால் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். நான்தான் உடைத்தேன். கோபத்தில் நடந்தது என்று சொல்ல மாட்டேன். நீ விடுவிக்கப் பார்த்தாய், அதற்குப் பிறகும் நான் விடவில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ சரி என்று எழுதிவிடுவாய், பயத்தில். அந்தச் சரி எனக்கு வேண்டாம்.

அபு அலியின் உறவினருக்கு இன்னும் இரண்டு ஊற்று திறக்க வேண்டுமாம். நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் கயிறு பிடிக்க ஜெகின் வேண்டாம், கமால் பிடிக்கட்டும் என்று காண்டிராக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், மச்சான் மச்சான் என்று அடம்பிடித்தாயே என்றார். கமாலுக்கு நான் யாரோ. நான் செத்தால் அவன் வீட்டில் யாரும் அழப் போவதில்லை. அவன் கை தளராமல் இருந்தால் உயிரோடு மேலே வருவேன். உன் தாலியைக் காட்டி உன் தம்பியை இனி நான் கட்டி வைக்க மாட்டேன். அவனைத் தம்மாம் கேம்புக்கே மாற்றச் சொல்லியிருக்கிறேன், இடுப்புப் புண் ஆறட்டும். மருந்து வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

இனி உனக்கு ஒரு வேலை. நம் அறைக் கதவின் உள்தாழ்ப்பாள் துருப்பிடித்து உடைந்துவிட்டது, அதனால் கழற்றிப் போட்டேன் என்று மூன்று வருஷத்துக்கு முன் உன்னிடம் சொன்னேன். அது துருப்பிடிக்கவில்லை. நான் வரும்போது நீ கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது என்றுதான் கழற்றினேன். பரணில் பழைய வலை மூட்டைக்குள் ஒரு சாரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். திருகாணி நாலும் அதோடு இருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டு மாட்டச் சொல். முன்பு இருந்த உயரத்தில் வேண்டாம், கொஞ்சம் தாழ்வாக மாட்டட்டும். பாப்பாவுக்கும் எட்ட வேண்டும்.

மாட்டியாகிவிட்டது என்று ஜெகினுக்கு எழுது. எனக்கு எழுத வேண்டாம், அவனிடம் கேட்டுக்கொள்கிறேன். அவன் கடிதத்தை இனி நான் பிரிக்க மாட்டேன். லீவில் ஊருக்கு வரும்போது வெளியே நின்று தட்டுவேன். நீ திறக்காவிட்டால் கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்வேன், யார் கேட்டாலும் நான்தான் காரணம் என்று சொல்லுவேன்.

மாதா உன்னையும் பாப்பாவையும் காப்பாற்றட்டும். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்கு.

இப்படிக்கு,
ஞானசிங்